புறாமலையில் பவுடர் புளூ சேர்ஜன் மீனை இனங்காணுதல்: புதிதாகக் கடலில் இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலை மீன் சந்தையில் அதிகாலையில் நிற்பவர்கள், பலகையில் கிடக்கும் மீனுக்கு அதன் நிறத்தைப் பார்த்துப் பெயர் சொல்வதில்லை. வாலடியில் வரிசையாக எழுந்து நிற்கும் கடினமான செதில்களைக் கண்டதும் பாரை என்கிறார்கள். நீண்ட தாடையையும் கூரிய பற்களையும் கண்டதும் சீலா என்கிறார்கள். தட்டையான முட்டை வடிவ உடலையும், குத்தினால் நெடுநேரம் கடுக்கும் முட்களையும் கண்டதும் ஓரா என்கிறார்கள். கடலை விட்டு வந்து சில மணி நேரமான மீனில் நிறம் பெரும்பாலும் மங்கிவிடும் என்பதால், நம் முன்னோர் உடலின் அமைப்பைக் கொண்டே மீனை அறியப் பழகினார்கள்; அந்தப் பழக்கம் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது.

அதே மனிதர்கள் முகக் கண்ணாடியை அணிந்து முருகைக்கற்களுக்கு மேலே முதன்முறையாகத் தலையைக் குனிந்தவுடன் அந்தப் பழக்கத்தை மறந்துவிடுகிறார்கள். கண்முன்னே இத்தனை வண்ணங்கள் அசையும்போது அது இயல்புதான். ஆனால் கரைக்குத் திரும்பி, “நீல நிறத்தில் ஒரு மீன், கொஞ்சம் மஞ்சளும் இருந்தது” என்று சொன்னால், அந்த விவரத்துக்குப் பொருந்தும் மீன்கள் திருகோணமலைக் கடலில் பல உண்டு. இக்கட்டுரை ஒரேயொரு மீனை ஐயமின்றி இனங்காண்பதற்கான வழியைப் படிப்படியாகச் சொல்கிறது. பவுடர் புளூ சேர்ஜன் மீன் என்று அழைக்கப்படும் அந்த மீனின் பெயரிலேயே நீலம் இருக்கிறது. ஆயினும் அதை இனங்காணும்போது நீலத்தை இறுதியாகவே பார்க்க வேண்டும் என்பதே என் அனுபவத்தில் கண்ட முறை. அதற்கான காரணத்தைக் கீழே விளக்குகிறேன்.

இந்த மீனை முதற்பாடமாகத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் உண்டு. இது ஆழமற்ற தெளிந்த நீரில், மேற்பரப்பில் மிதந்தபடியே காணக்கூடிய இடங்களில் மேய்கிறது. பகலில் இயங்குகிறது. கிளிமீன்களைப் போல வயதுக்கும் பாலுக்கும் ஏற்ப உடையை முழுவதும் மாற்றிக்கொள்வதில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வண்ணம், சிறியவற்றுக்கும் ஏறக்குறைய அதே கோலம். மேலும் இது நம் கடலுக்கு உரிமையுள்ள மீன் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. அறிவியல் உலகுக்கு இதை 1833 இல் விவரித்துப் பெயரிட்ட ஆங்கிலேய விலங்கியலாளர் எட்வர்ட் டேர்னர் பெனற், இலங்கைக் கடலிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டே அதைச் செய்தார். அவர் வைத்த பெயர் அகாந்தூரஸ் லியூக்கோஸ்டேர்னன். கிரேக்க மொழியில் முதற்சொல் “முள்வால்” என்றும், இரண்டாவது சொல் “வெண்மார்பு” என்றும் பொருள்படும். பெயரிட்டவரும் நீலத்தைக் குறிப்பிடவில்லை என்பதைக் கவனியுங்கள். முள்வால், வெண்மார்பு என்ற இரண்டு சொற்களை மனத்தில் இருத்திக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் காலத்தையும் இடத்தையும் சரியாகத் தெரிவுசெய்யுங்கள்

கிழக்குக் கரையில் வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளித்து, மழைநீரும் மணலும் கலந்து, கைநீட்டினால் விரல் தெரியாத அளவுக்குக் கலங்கிவிடும். அக்காலத்தில் மீனைப் பார்க்கும் முயற்சி பயன்தராது, ஆபத்தும் உண்டு. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று மறுகரையை அலைக்கழிக்கும்போது, நம் பக்கக் கடல் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும். அந்த மாதங்களிலும் கச்சான் காற்று பகல் ஏறும்போது வலுத்து நீர்மேற்பரப்பைக் குலைப்பதுண்டு. ஆகவே காலை வேளையே சிறந்தது. காலையில் இன்னொரு நன்மையும் உண்டு: படகுகளும் மனிதர்களும் குறைவு, மீன்கள் கலையாமல் மேய்கின்றன.

புதியவர்களுக்கு ஏற்ற இடம் நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள புறாமலை. வெளியூரார் புறாத்தீவு என்பர். பெரியதும் சிறியதுமாக இரண்டு பாறைத் தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள முருகைக்கற்களும் சேர்ந்தே அந்த இடம். 1963 இல் சரணாலயமாக்கப்பட்டு, 2003 இல் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்ட அப்பகுதி வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளது. கரையில் நுழைவுச்சீட்டைப் பெற்ற பின்னரே படகேற வேண்டும். திருகோணமலையைச் சூழ்ந்த கடலில் ஏறக்குறைய 100 முருகை இனங்களும் 300 முருகைக்கல் மீனினங்களும் பதிவாகியுள்ளன. அவற்றுள் பல இந்தச் சிறிய பரப்பிலேயே வாழ்கின்றன. அந்த 300 என்ற எண்ணே, “நீல மீன்” என்ற விவரம் ஏன் போதாது என்பதைச் சொல்லிவிடும்.

நீரில் இறங்குமுன் செய்ய வேண்டியவை

வீட்டில் ஒரு தாளை எடுத்து, ஒரு மீனின் வெளிக்கோட்டை வரைந்துகொள்ளுங்கள். ஓவியத் திறமை தேவையில்லை. முட்டை வடிவம் ஒன்றும் வாலும் போதும். முதுகின் மேலுள்ளது முதுகுச் செட்டை, வயிற்றின் பின்புறத்திலிருந்து வாலை நோக்கி ஓடுவது குதச் செட்டை, செவுள் மூடிக்குப் பின்னால் பக்கவாட்டில் அசைவது மார்புச் செட்டை, அதற்குக் கீழே சோடியாக இருப்பது வயிற்றுச் செட்டை, இறுதியில் வாற்செட்டை. உடலும் வாற்செட்டையும் இணையும் ஒடுங்கிய பகுதியை இக்கட்டுரையில் வாலடி என்கிறேன். இந்த ஆறு சொற்களும் உங்களுக்குப் பழகிவிட்டால், நீருக்குள் காணும் நிறத்தை “எங்கே” என்ற கேள்வியோடு சேர்த்துப் பார்க்க முடியும். “மஞ்சள் இருந்தது” என்பது பயனற்ற குறிப்பு. “முதுகுச் செட்டை முழுவதும் மஞ்சள்” என்பதோ ஒரு மீனை இன்னொன்றிலிருந்து பிரித்துவிடும் குறிப்பு.

சந்தைக்குப் போகும்போது ஓராவையும் பாரையையும் ஒருமுறை நின்று பாருங்கள். ஓராவின் உடல்வாகு சேர்ஜன் மீனுக்கு நெருங்கியது. ஆனால் அதன் வாலடியில் கத்தி இல்லை. பாரையின் வாலடி கடினமானது. ஆனால் அது செதில்களின் வரிசை. இவ்விரண்டையும் அறிந்தவருக்கு, அடுத்து நான் சொல்லப்போகும் வாலடிக் கத்தி எத்தகையது என்பது எளிதில் விளங்கும்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தனியே இறங்காதீர்கள், நீந்தத் தெரிந்தவரும் மிதவை அங்கியை அணிந்தால், கை கால்களை ஆட்டாமல் மிதந்தபடி பார்க்கலாம் என்பதால் அது மீன் பார்ப்பதற்கும் உதவுகிறது. தீவுகளுக்கிடையே நீரோட்டம் இருக்கும் என்பதால் படகோட்டி காட்டும் எல்லைக்குள் நில்லுங்கள். முருகைக்கல்லின் மீது ஒருபோதும் கால் ஊன்றாதீர்கள். கல் என்று நாம் அழைத்தாலும் அது உயிருள்ள விலங்குகளின் கூட்டம். ஒரு மிதியில் ஒடியும் கிளை மீண்டும் வளர ஆண்டுகள் ஆகும். வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட நீண்ட கையுள்ள மேலாடை அணிவது உடலுக்கும் கடலுக்கும் நல்லது.

முதற்படி: அசையாமல் மிதந்து, உடல்வாகைப் பாருங்கள்

நீரில் இறங்கியதும் மீனைத் தேடி நீந்தாதீர்கள். இரண்டு மூன்று மனிதர் ஆழமுள்ள, பாறையும் முருகையும் கலந்து பாசி படிந்துள்ள ஓரிடத்தின் மேல் வந்து, ஐந்து நிமிடம் அசையாமல் மிதந்திருங்கள். துரத்தப்படும் மீன் தன் பின்புறத்தை மட்டுமே காட்டும். அமைதியாகக் கிடப்பவரின் முன்னால் அது சற்று நேரத்தில் பக்கவாட்டில் திரும்பி மேயத் தொடங்கும். இனங்காண்பதற்குப் பக்கவாட்டுத் தோற்றமே தேவை.

நீங்கள் தேடும் மீனின் உடல் உயரமானது, பக்கங்களில் தட்டையானது, உள்ளங்கையை நிமிர்த்திப் பிடித்தாற்போன்ற முட்டை வடிவம் கொண்டது. வாய் சிறியது; முகத்தின் கீழ்ப்பகுதியில் அமைந்து, சற்றே முன்னே நீண்டிருக்கும். கண் தலையின் மேற்பகுதியில் இருக்கும். நெற்றி செங்குத்தாக இறங்கும். முதுகுச் செட்டை தலைக்குப் பின்னே தொடங்கி வாலடிவரை இடையில் எங்கும் பள்ளம் விழாமல் ஒரே தொடராக ஓடும். வளர்ந்த மீன் பெரும்பாலும் 20 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். ஆனால் முகக் கண்ணாடியின் வழியே பார்க்கையில், ஒளி நீரிலிருந்து காற்றுக்குள் வளைந்து வருவதால், எல்லாப் பொருளும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தோன்றும். உங்கள் கண்ணுக்கு ஒரு சாணைவிடப் பெரிதாகத் தெரிந்த மீன் உண்மையில் ஒரு சாணுக்குள் அடங்கிவிடலாம். அளவை எழுதும்போது அதைக் குறைத்தே எழுதுங்கள்.

இரண்டாம் படி: வாலடியில் கத்தியைத் தேடுங்கள்

சேர்ஜன் மீன் என்ற பெயரே அறுவை மருத்துவரின் கத்தியிலிருந்து வந்தது. இந்த மீனின் வாலடியில் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கூரிய முள் உண்டு. அது ஒரு சிறு பள்ளத்துக்குள், மடக்குக் கத்தி உறைக்குள் கிடப்பதுபோலப் படிந்து கிடக்கும். வாலை ஒரு பக்கமாக வளைத்து வீசும்போது முன்நோக்கி விரிந்து எழும். ஒன்றையொன்று விரட்டும்போதும் எதிரியிடமிருந்து தப்பும்போதும் அந்த வீச்சு நிகழ்கிறது. வலையில் சிக்கிய சேர்ஜன் மீனைக் கவனமின்றிப் பற்றியவர்களின் விரலில் ஆழமான வெட்டு விழும். நீருக்குள் தொட முயன்றாலும் அதே கதிதான். தொட வேண்டிய தேவையும் இல்லை.

மேலிருந்து பார்க்கும் புதியவரின் கண்ணுக்கு அந்த முள் எப்போதும் தெரிந்துவிடாது. அதனால் முள்ளைத் தேடுவதைவிட, முள் இருக்கும் இடத்தில் ஒரு தனி அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். பவுடர் புளூவின் வாலடி மஞ்சள் நிறமானது. நீல உடல் முடிந்து வாற்செட்டை தொடங்கும் அந்த ஒடுங்கிய இடத்தில் மஞ்சள் இருந்தால், அதை உங்கள் முதற்சான்றாக மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அத்துடன் நீந்தும் முறையையும் பாருங்கள். சேர்ஜன் மீன் அவசரமில்லாதபோது உடலை வளைப்பதில்லை. மார்புச் செட்டைகள் இரண்டையும் பறவையின் சிறகுபோல மேலும் கீழும் அடித்து முன்னேறுகிறது. இந்த அசைவு பத்து மீற்றருக்கு அப்பாலும் தெரியும். நிறமே தெரியாத தூரத்தில் இதைக் கொண்டு “சேர்ஜனாக இருக்கலாம்” என்று ஊகித்துக் காத்திருக்க முடியும்.

மூன்றாம் படி: கறுப்பையும் வெள்ளையையும் பாருங்கள்

இப்போது ஒளியைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல வேண்டும். கடல்நீர் எல்லா நிறங்களையும் ஒரே அளவில் ஊடுருவ விடுவதில்லை. சிவப்பு முதலில் உறிஞ்சப்பட்டு, ஐந்து மீற்றர் ஆழத்துக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆழம் கூடக்கூடச் செம்மஞ்சளும் மஞ்சளும் மங்கும். நீலமே மிக ஆழம்வரை செல்வது. அதனால் ஆழத்தில், உண்மையில் சாம்பல் நிறமான மீனும் பழுப்பு நிறமான மீனும் நீலமாகவே தோற்றமளிக்கின்றன. முகில் மறைத்த வேளையில் ஆழங்குறைந்த நீரிலும் இந்த மயக்கம் ஏற்படும். மேலும், அச்சமுற்றாலோ நலங்குன்றினாலோ இந்த மீனின் நீலம் வெளிறிவிடுவதும் உண்டு. ஆகவே நீலம் என்பது கடலும் வெயிலும் மீனின் நிலையும் சேர்ந்து மாற்றக்கூடிய அடையாளம். கறுப்பும் வெள்ளையும் அருகருகே இருக்கும் எல்லைக்கோடு அவ்வாறு எளிதில் மாறுவதில்லை. நிறம் குறைந்த பழைய கறுப்பு வெள்ளைப் படத்திலும் அது தெரியும்.

பவுடர் புளூவின் முகம் முழுவதும் கறுப்பு. முகமூடி அணிந்ததுபோல, வாயிலிருந்து கண்ணைத் தாண்டிச் செவுள் மூடியின் விளிம்புவரை அந்தக் கறுப்பு பரவியிருக்கும். அதற்கு நேர் கீழே, தாடையின் அடியிலிருந்து மார்புவரை தூய வெள்ளை. கறுப்பு முகத்தின் கீழே வெள்ளைத் துணியைக் கழுத்தில் சுற்றிக் கட்டியதுபோன்ற இந்தத் தோற்றமே, பெனற் பெயராக எடுத்துக்கொண்ட வெண்மார்பு. நான் இந்த மீனைக் காட்டிக்கொடுக்கும்போது மற்றவற்றையெல்லாம் விட்டுவிட்டு, “கறுப்பு முகம், வெள்ளைத் தொண்டை” என்ற நான்கு சொற்களையே முதலில் சொல்வேன். பத்து வயதுப் பிள்ளைகளும் அதைக் கேட்டபின் சரியாகக் கண்டுபிடிக்கிறார்கள்.

நான்காம் படி: செட்டைகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்

முகத்தை உறுதிசெய்தபின் கண்ணை மேலே கொண்டுசெல்லுங்கள். முதுகுச் செட்டை தொடக்கம் முதல் முடிவுவரை தெளிவான மஞ்சள். அதன் வெளிவிளிம்பில் மட்டும் மெல்லிய வெளிர்கோடு. பிறகு கீழே பாருங்கள். குதச் செட்டையும் வயிற்றுச் செட்டையும் வெள்ளை. மேலே மஞ்சள், கீழே வெள்ளை, நடுவில் நீலம் என்ற இந்த அடுக்கு, வெயில் படும் காலை நீரில் மிக அழகாகத் தெரியும். மார்புச் செட்டைகள் மஞ்சள் தோய்ந்து, ஒளி ஊடுருவும்படி மெல்லியவையாக இருக்கும். வாற்செட்டையில் வெள்ளையும் கறுப்பும் கலந்திருக்கும்; அதன் பின்விளிம்பு பிறைபோல உள்வாங்கியிருக்கும்.

செட்டைகள் எப்போதும் விரிந்திருப்பதில்லை என்பதைப் புதியவர்கள் அறிந்திருக்க வேண்டும். விரைந்து நீந்தும் மீன் முதுகுச் செட்டையை மடக்கிக்கொள்ளும். அப்போது முதுகில் ஒரு மஞ்சள் கோடு மட்டுமே தெரியும். அது மேயத் தொடங்கும்வரை, அல்லது இன்னொரு மீனைக் கண்டு செட்டைகளை நிமிர்த்தும்வரை காத்திருங்கள். ஒரு கணம் தெரிந்தாலும் போதும்.

ஐந்தாம் படி: இப்போது நீலத்தைப் பாருங்கள்

வாலடி, முகம், தொண்டை, முதுகு, வயிறு என எல்லாவற்றையும் பார்த்த பின்னரே உடலின் நிறத்துக்கு வாருங்கள். நல்ல ஒளியில் அது வானத்தைப் பொடியாக்கிப் பூசியதுபோன்ற வெளிர்நீலம். கோடுகளும் புள்ளிகளும் இல்லாமல் ஒரே சீராகப் பரவியிருக்கும். பவுடர் புளூ என்ற பெயருக்கு அதுவே காரணம். உடலின் நடுப்பகுதியில் வரியோ பட்டையோ புள்ளியோ இருந்தால், நீங்கள் பார்ப்பது வேறு மீன்.

ஆறாம் படி: ஒத்த தோற்றமுள்ள மீன்களை விலக்குங்கள்

ஒரு மீனைச் சரியாக அறிவதென்பது, அதைப் போன்ற மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்குவதும்தான். இப்படியில் சற்று நேரம் செலவிடுங்கள். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நிகழ்கின்றன.

என் முதல் ஆண்டில் நான் செய்த தவறு நீலக் கிளாத்தியைப் பற்றியது. சிவந்த பற்களையுடைய இந்தக் கிளாத்தி நம் பகுதிப் பாறைகளின் மேல் கூட்டங்கூட்டமாக, நடுநீரில் மிதந்து நிற்கும். மேலிருந்து பார்க்கையில் அது ஆழ்ந்த நீலமாகத் தெரியும். நான் ஒரே காலையில் அவற்றில் ஐம்பதுக்கு மேல் எண்ணி, எல்லாவற்றையும் பவுடர் புளூ என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். பின்னர் ஒரு சுழியோடி அந்தக் குறிப்பைப் பார்த்து, “அவை எதைக்கொண்டு நீந்தின?” என்று ஒரே கேள்வி கேட்டார், என்னிடம் விடை இருக்கவில்லை. கிளாத்தி மார்புச் செட்டையால் நீந்துவதில்லை. முதுகிலும் வயிற்றிலுமுள்ள பின்செட்டைகள் இரண்டையும் ஒருசேர ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அலையாக அசைத்து நகர்கிறது. அதன் வாற்செட்டையின் இரு நுனிகளும் யாழின் கொம்புகள்போல நீண்டிருக்கும். அஞ்சினால் பாறைத் துளைக்குள் புகுந்து, அந்த நுனிகளை மட்டும் வெளியே விட்டுக்கொண்டு கிடக்கும். கறுப்பு முகம் இல்லை, வெள்ளைத் தொண்டை இல்லை, மஞ்சள் எங்குமே இல்லை. அந்த நாளின் குறிப்பு முழுவதையும் அடித்துவிட்டேன். மறுநாளிலிருந்து நீந்தும் முறைக்கென்று குறிப்பேட்டில் ஒரு பத்தி போட்டேன்.

கிளாத்தி இனத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மணலில் பள்ளம் பறித்து முட்டையிட்டிருக்கும் பெரிய கிளாத்தி, தன் கூட்டை நெருங்குபவரைக் கடிக்க வரும். அது காவல் காக்கும் பகுதி கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு வடிவானது. ஆகையால் மேலே எழாமல், கிடைமட்டமாக விலகி நீந்துங்கள்.

அடுத்தது வரிச் சேர்ஜன். இதுவும் அதே பேரினத்தைச் சேர்ந்தது. உடல்வாகும் வாலடிக் கத்தியும் பொதுவானவை. ஆயினும் இதன் பக்கங்களில் கரும் விளிம்புடைய நீலக் கோடுகள், மஞ்சள் நிலத்தின்மேல் தலையிலிருந்து வாலை நோக்கி நீளவாக்கில் ஓடும். அலை மோதி நுரைக்கும் பாறை விளிம்புகளில், தன் மேய்ச்சல் நிலத்தை விட்டுக்கொடுக்காமல் மற்ற மீன்களை விரட்டியபடி இருக்கும். கோடு உண்டா இல்லையா என்ற ஒரு கேள்வி இதை விலக்கிவிடும். இதன் முள் நஞ்சுள்ளது என்பதால் நெருங்காமலிருப்பதே நல்லது.

கைதிச் சேர்ஜன் என்று அழைக்கத்தக்க இன்னொன்று, வெளிர் உடலில் செங்குத்தான கருங்கோடுகளுடன் கூட்டமாக மேயும். இதில் குழப்பத்துக்கு இடமில்லை. விரலளவேயான நீல மஞ்சள் டாம்செல் மீன்கள் முருகைக் கிளைகளுக்கிடையே குவிந்து நிற்பதைக் கண்டு, அவற்றைப் பவுடர் புளூவின் குஞ்சுகள் என்று பலர் எண்ணுகிறார்கள். அவற்றின் முகத்தைப் பாருங்கள்: கறுப்பு முகமூடி இராது. பவுடர் புளூவின் குஞ்சு சிறிதாக இருந்தாலும் முகமூடியுடனேயே இருக்கும். அலங்கார மீன் கடைகளில் காணும், ஆழ்நீல உடலில் கறுப்புக் கோலமும் முழு மஞ்சள் வாலும் கொண்ட மீனும் வேறு. அதன் முதுகுச் செட்டை நீலம். நம் மீனின் முதுகுச் செட்டை மஞ்சள்.

ஏழாம் படி: அது என்ன செய்கிறது என்று பாருங்கள்

இனம் உறுதியான பின்னும் உடனே நகர்ந்துவிடாதீர்கள். மேலும் பத்து நிமிடம் அந்த ஒரே மீனைப் பின்தொடராமல், இருந்த இடத்திலிருந்தே பாருங்கள். அது பாறையின் மேல் சாய்ந்து, சிறு வாயால் மீண்டும் மீண்டும் கொத்துவது தெரியும். அது உண்பது முருகையை அல்ல. பாறையிலும் இறந்த முருகையின் மேலும் மயிரிழைபோலப் படரும் பாசியை. இந்தப் பாசியை மேயும் மீன்கள் இல்லாவிட்டால், வெப்பத்தாலோ புயலாலோ இறந்த முருகையின் மேல் பாசி தடித்து, புதிய முருகைக் குஞ்சுகள் ஒட்டிக்கொள்ள இடமில்லாமற் போய்விடும். ஆகவே நீங்கள் அழகுக்காகப் பார்க்க வந்த மீன், புறாமலையின் முருகைக்கல்லைத் துப்புரவாக வைத்திருக்கும் மீன்களில் ஒன்று. இதைக் கண்ணால் கண்டவர் அதற்குப் பாண் துண்டுகளை வீச மாட்டார். பாண் அதன் உணவல்ல. மனிதர் கையை எதிர்பார்க்கப் பழகிய மீன் தன் மேய்ச்சல் வேலையையும் விட்டுவிடும்.

சில இடங்களில் இது தனியாகவும் சில இடங்களில் சிறு கூட்டமாகவும் மேயும். ஒரு பாறையைத் தனக்கென வைத்துக் காக்கும் மற்ற மீன்களை, கூட்டமாகச் சென்று திணறடித்து மேய்வதும் இதன் வழக்கம். எத்தனை மீன்கள் இருந்தன என்பதையும், விரட்டியதா விரட்டப்பட்டதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இனத்தை உறுதிப்படுத்தும்போது இத்தகைய சிறு குறிப்புகளும் கைகொடுக்கும்.

படமெடுத்தலும் பதிவும்

நீர்புகா உறையிலிட்ட கைபேசியே போதும். மேலிருந்து எடுத்த படத்தில் முதுகு மட்டுமே விழும் என்பதால், மீன் சரிவான பாறையில் மேயும்போது, அதன் பக்கம் முழுவதும் தெரியும் கோணத்தில் எடுங்கள். ஒரே படத்தில் முகமும் வாலடியும் அடங்க வேண்டும். மின்னொளியைப் பயன்படுத்தாதீர்கள். படத்தைப் பின்னர் திருத்தி நீலத்தைக் கூட்டுவதும் வேண்டாம். திருத்தாத படம்தான் சான்றாகும்.

கரையேறியதும் உடல் காயுமுன் எழுதுங்கள். திகதி, நேரம், தீவின் எந்தப் பக்கம், உத்தேச ஆழம், நீரின் தெளிவு, எண்ணிக்கை, நீந்திய முறை, நடத்தை ஆகியவற்றோடு, வாலடி, முகம், தொண்டை, முதுகுச் செட்டை, குதச் செட்டை என்ற ஐந்தில் எவற்றை நீங்களே கண்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஐந்தையும் கண்டிருந்தால் “உறுதி” என்றும், முகமும் தொண்டையும் உட்பட மூன்றைக் கண்டிருந்தால் “பெரும்பாலும்” என்றும், நீலத்தை மட்டும் கண்டிருந்தால் “ஐயம்” என்றும் குறியுங்கள். “ஐயம்” என்று எழுதுவதற்கு எவரும் தயங்கக் கூடாது. ஐயத்தை உறுதியென எழுதிய ஒரு வரி, அந்தக் குறிப்பேட்டின் மற்ற வரிகளையும் நம்ப முடியாதவையாக்கிவிடும்.

வீட்டுக்கு வந்தபின் ஃபிஷ்பேஸ் என்னும் இணையத் தரவுத்தளத்தில் அறிவியற் பெயரைத் தேடி, உங்கள் படத்தை அங்குள்ள படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படம் தெளிவாக இருந்தால் முதுகுச் செட்டையின் முன்பகுதியிலுள்ள முட்களையும் எண்ணிப் பார்க்கலாம், அவை ஒன்பது.

இறுதியாக, முடிந்தால் மறுவாரமே அதே பாறைக்கு, அதே நேரத்தில் திரும்பிப் போங்கள். முகத்தையும் தொண்டையையும் பார்க்கப் பழகிய கண்ணுக்கு, முதல் நாள் ஐந்து நிமிடம் எடுத்த வேலை இரண்டாம் நாள் ஒரு நொடியில் முடிந்துவிடும். எஞ்சிய நேரத்தில் அருகிலுள்ள நுரை விளிம்புக்குச் சென்று, வரிச் சேர்ஜனை இதே வரிசையில் வாலடியிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.